உள்ளத்தில் பட்ட புண்

நம் புறத்திணை மரபில் புண்ணுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. மார்பில் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். முன்னது பெருமைக்குரியது, பின்னது நாணத்துக்குரியது. உடலில் எங்கும் படாமல் உள்ளத்தில் மட்டும் பட்ட புண்ணை எவ்வகையில் சேர்ப்பது? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் இக்கேள்வியின் முன் திணறி நின்றது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு என இன்று அறியப்படும் நோயின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான கட்டம்.

1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 'லான்செட்' இதழில் மூன்று வீரர்களைப் பற்றி எழுதினார். குண்டுகள் அருகே வெடித்தபின் அவர்களுக்கு நினைவும் பார்வையும் மணமும் சுவையும் குன்றியிருந்தன. 'ஷெல் ஷாக்' என்ற சொல் அக்கட்டுரை வழியே பரவியது. வெடிப்பின் அதிர்வு மூளையைக் குலைத்துவிடுகிறது என்றே முதலில் பலரும் எண்ணினர். ஆனால் குண்டுவெடிப்பின் அருகே செல்லாதவர்களும் இந்நோய்க்கு ஆளாயினர். ராணுவமோ நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் தாக்குதலால் விளைந்தது என்றால் 'காயம்'. சட்டைக்கையில் காயப்பட்டை அணியும் உரிமை உண்டு. இல்லையேல் வெறும் 'நோய்', அவ்வுரிமை இல்லை. விழுப்புண்ணும் புறப்புண்ணும் அங்கே வேறு பெயரில் வந்து நிற்பதை நாம் காண்கிறோம். போர்முனையை விட்டோடியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டவர்களுள் 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் ஷெல் ஷாக்குக்கு மருத்துவம் பெற்றிருந்தவர்களும் உண்டு.

மருத்துவமும் தகுதி பார்த்தே நடந்தது. லண்டனில் லூயிஸ் யீலண்ட், பேச்சிழந்த சாதாரண வீரன் ஒருவனை அறையில் அடைத்து, பேசும்வரை வெளியேற முடியாது என்று கூறி, மணிக்கணக்கில் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். இதைத் தம் வெற்றியாக 1918இல் அவரே நூலில் பதிவு செய்துள்ளார். எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையோ அதிகாரிகளுக்கானது. அங்கே டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் நோயாளிகளுடன் உரையாடினார்.

இந்த ரிவர்ஸ் நமக்கு முற்றிலும் அயலாரல்லர். 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களின் உறவுமுறைகளையும் சடங்குகளையும் கேட்டுப் பதிந்து, 1906இல் 'தோடர்கள்' என்ற பெருநூலை வெளியிட்டவர் அவரே. எதிரிலிருப்பவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அவருக்கு மருத்துவமனையிலும் கைகொடுத்தது என்று நாம் எண்ண இடமுண்டு.

நடந்ததை நினையாதே, மறந்துவிடு என்பதே அன்று உற்றாரும் மருத்துவரும் சொன்ன அறிவுரை. 1917 டிசம்பரில் வாசித்த கட்டுரையில் ரிவர்ஸ் இதை மறுத்தார். பகலில் விலக்கப்பட்ட நினைவு இரவில் கொடுங்கனவாகத் திரும்புகிறது என்றார். சிதைந்து கிடந்த நண்பனின் உடலை ஓயாமல் கனவில் கண்ட ஓர் அதிகாரியிடம், அச்சிதைவே நண்பன் நொடியில், நெடுநேரத் துன்பமின்றி இறந்தான் என்பதற்குச் சான்று என எடுத்துரைத்தார். கனவு மாறியது. நண்பனின் அருகில் மண்டியிட்டு, அவன் குடும்பத்துக்காக உடைமைகளைச் சேகரிப்பதாக அவர் கண்டார். அதில் பழைய திகில் இல்லை. பின்னொரு கனவில் நண்பனோடு பேசவும் செய்தார். எல்லா நினைவுக்கும் இவ்வாறு ஆறுதல் தேடித்தர முடியவில்லை. வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணத்தின் வயிற்றில் முகம் பதிய விழுந்த ஒருவருக்குச் சொல்ல ரிவர்ஸிடம் எதுவுமில்லை. அவர் ராணுவத்தை விட்டு நாட்டுப்புறம் செல்வதே வழி என்றாயிற்று. ஓயாமல் அதையே எண்ணிக் கிடப்பதும் தீங்கே என்றும் ரிவர்ஸ் எச்சரித்தார்.

இவ்வளவு கனிவான மருத்துவத்தின் நோக்கம் என்ன? நலமானவனைப் போர்முனைக்குத் திருப்பியனுப்புவது. போரை எதிர்த்து அறிக்கை விட்டதால் அங்கு அனுப்பப்பட்ட கவிஞர் சீக்ஃப்ரீட் சஸ்ஸூன் மீண்டும் போருக்குச் சென்று 1918இல் தலையில் காயமுற்றார். அங்கே ஆர்தர் பிராக்கிடம் மருத்துவம் பெற்ற வில்ஃப்ரெட் ஓவன், போர் ஓய ஒரு வாரமிருக்க, 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். மின்சாரம் பாய்ச்சிய கையும் அன்போடு செவிமடுத்த காதும் ஒரே ராணுவத்துக்குத்தான் பணிபுரிந்தன.

இந்நோய்க்கு இன்றைய பெயர் கிடைக்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மருத்துவர்களும் போராடியதன் பயனாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதை ஏற்றது. போர் மட்டுமன்றி வன்புணர்வு, விபத்து, பேரிடர் ஆகியவற்றிலிருந்து மீண்டவர்களுக்கும் அப்பெயர் பொருந்தியது. திரும்பத் திரும்பக் கண்முன் வரும் நினைவு, அதைத் தூண்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல், சிறு ஓசைக்கும் திடுக்கிடல் ஆகியன இதன் அறிகுறிகள். தவிர்க்குந்தோறும் அச்சம் வேரூன்றுகிறது. ஆதலால் பாதுகாப்பான சூழலில், பயிற்சி பெற்றவரின் துணையோடு, அந்நினைவைச் சிறிது சிறிதாக அணுகவும், 'என்னால்தான் நேர்ந்தது' போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும் இன்றைய உளச்சிகிச்சைகள் கற்பிக்கின்றன. செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் சிலருக்கு உதவுகின்றன. நிகழ்வு முடிந்த உடனேயே அனைவரையும் ஒரே அமர்வில் பேசவைப்பது பயன் தரவில்லை என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. பேச வைப்பது எளிது. பேசுபவன் ஆயத்தமாகும்வரை உடனிருப்பதே கடினம்.

துயருற்றவரிடம் 'மறந்துவிடு' என்று நாம் இன்றும் சொல்கிறோம். பெரும்பாலும் அன்பினால்தான் சொல்கிறோம். ஒருவேளை, கேட்கும் துணிவு நம்மிடம் இல்லாததாலும் இருக்கலாம்.