‘நானோ சில்வர்’ தடவினால் புண் ஆறுமா? பனியனுக்கும் பேண்டேஜுக்கும் என்ன வித்தியாசம்?

‘ஆன்டி பாக்டீரியல் ஃபினிஷ்’ என்ற வார்த்தை திருப்பூர் ராயபுரத்து பனியன் கம்பெனிகளுக்குப் புதிதல்ல. 2020இல் கொரோனாவால் ஆர்டர்கள் நின்றுபோய், டி-சர்ட் தைத்த மெஷின்களில் மாஸ்க் தைத்த நாட்களில் ‘சில்வர்’, ‘நானோ’ ஆகிய இரண்டு சொற்களும் ஊர் முழுக்கப் பழகிவிட்டன. வியர்வை நாற்றம் அடிக்காத டி-சர்ட், கிருமி அண்டாத சாக்ஸ் என்று அட்டையில் அச்சிட்டு விற்கிறார்கள். அதே வார்த்தை மெடிக்கல் ஷாப் அலமாரியிலும் இருக்கிறது: நானோ சில்வர் ஜெல், நானோ குர்குமின் கிரீம், சில்வர் பேண்டேஜ்.

சர்க்கரை நோயோடு, காலில் ஆறாத புண்ணோடு, நாள் முழுக்க செக்கிங் டேபிளில் நின்று வேலை பார்க்கும் ஒருவருக்கு இவையெல்லாம் ஒரே சரக்கு போலத் தெரிவதில் ஆச்சரியமில்லை. துணியில் கிருமியைக் கொல்வது புண்ணையும் ஆற்றிவிடும் என்று நம்பி ஒரு டியூப் வாங்கித் தடவிக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டிவிடலாம். அந்த இரண்டு மாதம் ஒரு விரலின் விலையாகவும் ஆகிவிடலாம்.

நானோ என்றால் எவ்வளவு சின்னது?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். பொதுவாக 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களைத்தான் நானோ துகள் என்கிறார்கள்.

சின்னதாக்குவதால் என்ன லாபம்? பரப்பளவு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டியின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 15 சென்ட் இடம். வெள்ளி அதே அளவுதான், வெளியே தெரியும் முகம் மட்டும் பத்து லட்சம் மடங்கு. ஈரம் பட்டதும் அந்த முகத்திலிருந்து வெள்ளி அயனிகள் கசிகின்றன. அவை பாக்டீரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அதன் இயக்கத்தைக் குலைக்கின்றன. நானோ சில்வரின் ரகசியம் இவ்வளவுதான்.

நல்ல தோலுக்குள் மருந்து நுழைவது ஏன் கடினம்?

தோலின் மேல்பரப்பில் செத்த செல்கள் செங்கல் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் கொழுப்பு, சாந்து பூசியது போல. உள்ளங்கை, பாதம் தவிர்த்த பெரும்பாலான இடங்களில் இந்தச் சுவர் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். ஆனாலும் 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு எதுவும் இதைத் தாண்டுவது அரிது என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் போஸ், மைனார்டி இருவரும் சுட்டிக்காட்டினார்கள். இன்சுலின் சுமார் 5,800 டால்டன். அதனால்தான் அதைக் கிரீமாகப் பூச முடியாமல் ஊசியாகப் போட வேண்டியிருக்கிறது.

இந்தச் சுவரை ஏமாற்றும் முயற்சிதான் தோலுக்கான நானோ ஆராய்ச்சி. 1960களில் பிரிட்டன் விஞ்ஞானி அலெக் பாங்கம், கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் தாமாகவே குட்டிக் குமிழ்களாகச் சுருண்டுகொள்வதைக் கண்டார். அதுதான் லிப்போசோம். குமிழுக்குள் மருந்தை வைத்தால் கொழுப்புச் சாந்தோடு கலந்து உள்ளே இறக்கும் என்பது கணக்கு. மருந்துக் கம்பெனிகளுக்கு இணையாக அழகுசாதனக் கம்பெனிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. டியோர் நிறுவனம் 1986இலேயே லிப்போசோம் கிரீமைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது.

உண்மையில் குமிழ் முழுசாக உள்ளே போவதில்லை. பெரும்பாலும் மேலடுக்கிலேயே உடைந்து மருந்தைக் கொட்டுகிறது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் பார்த்தபோது, சில நூறு நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் மயிர்க்கால்களில் போய்த் தங்கி, பத்து நாள் வரைகூட அங்கேயே இருந்தன. சன்ஸ்க்ரீனில் உள்ள துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களும் பெரும்பாலும் மேலடுக்கைத் தாண்டுவதில்லை. ‘தோலின் ஆழம் வரை ஊடுருவும்’ என்ற விளம்பர வரியைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூலையிலிருந்து, அழகுசாதனப் பொருளில் நானோ துகள் இருந்தால் மூலப்பொருள் பட்டியலில் ‘நானோ’ என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். அங்கே அது ஒரு தகவல். நம் கடைகளில் பல நேரம் அதுவே விளம்பரம்.

புண்ணில் கதையே வேறு

புண் என்றால் சுவர் ஏற்கெனவே இடிந்துவிட்டது. உள்ளே நுழைவது பிரச்சினையே இல்லை. மருந்து ஒரேயடியாகக் கரைந்து ஓடிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும், அதுதான் இங்கே சவால். தோலுக்கு வழி திறக்க வேண்டும், புண்ணுக்கு வேகம் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நானோ பொருள் சரிவராது.

1990களில் கனடாவில் ராபர்ட் புரெல் குழு உருவாக்கிய ‘ஆக்டிகோட்’ இந்த வகையின் முன்னோடி. நானோ படிக வெள்ளி பூசிய இந்த டிரெஸ்ஸிங், தீக்காயத்தில் நாள்கணக்கில் வெள்ளி அயனிகளை விடுகிறது. அதனால் கட்டை அடிக்கடி பிரிக்கும் வேதனை குறைகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் கட்டை சலைனில் நனைக்கக் கூடாது, கிருமி நீக்கிய சுத்தமான நீரில்தான் நனைக்க வேண்டும். சலைனில் உள்ள உப்பு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகி வீரியத்தைக் குறைத்துவிடும்.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. 30 சதவீத தீக்காயத்தோடு ஆக்டிகோட் கட்டப்பட்ட ஆஸ்திரிய இளைஞர் ஒருவருக்கு முகம் சாம்பல் நிறமானது, கல்லீரல் என்சைம்கள் ஏறின என்று 2006இல் மருத்துவ இதழில் பதிவானது. கட்டை எடுத்த பிறகு நிலை சீரானது.

சரி, புண் ஆறுகிறதா? வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங், கிரீம் தொடர்பான 26 பரிசோதனைகளை, 2,066 நோயாளிகளின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2010இல் அலசியது. வெள்ளி புண்ணைச் சீக்கிரம் ஆற்றுகிறது என்றோ தொற்றைத் தடுக்கிறது என்றோ சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு. சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேச வல்லுநர் குழு இன்னும் நேராகவே சொல்கிறது: புண்ணை ஆற்றுவதற்கென்று வெள்ளி டிரெஸ்ஸிங் பயன்படுத்த வேண்டாம். கிருமியைக் கொல்வது வேறு, திசுவை வளர்ப்பது வேறு.

கொச்சியும் மஞ்சளும்

திருப்பூருக்குப் பக்கத்திலேயே, கொச்சி அமிர்தா நானோ அறிவியல் மையத்தில் வேறொரு வழியை முயன்றார்கள். கைட்டோசன் என்ற பொருளில் பஞ்சு போன்ற பேண்டேஜ் செய்து அதில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைச் சேர்த்தார்கள். கைட்டோசன் எடுக்கப்படுவது இறால், நண்டு ஓட்டிலிருந்து. அந்த பேண்டேஜ் ரத்தம் உறைய உதவியது, எலிகளின் காயத்தில் வேகமாக ஆறியது என்று 2012இல் வெளியிட்டார்கள். எலியின் தோல் சுருங்கி மூடும், மனிதத் தோல் அப்படி அவ்வளவாகச் சுருங்காது. அதனால் எலியில் கிடைத்த வெற்றியை அப்படியே மனிதருக்கு எழுதிவிட முடியாது.

மஞ்சளுக்கு ஒரு பழைய வழக்கும் உண்டு. காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் சிஎஸ்ஐஆர் எதிர்த்து வாதாடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. ஆனால் மஞ்சளின் சத்தான குர்குமின் தண்ணீரில் கரையாது என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறது. அதனால்தான் அதை நானோ பொட்டலமாகக் கட்டப் பார்க்கிறார்கள். நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் இப்படிச் செய்து, தீக்காயம் பட்ட எலிகளில் நல்ல பலன் கண்டார்கள். இங்கேயும் எலிதான்.

அப்படியென்றால் பனியனில் இருப்பது?

சாயம் போட்ட துணிக்குக் கடைசிக் கட்டத்தில் சாஃப்ட்னர் ஏற்றுவது போல வெள்ளிக் கரைசலையும் ஏற்றலாம். ‘99.9 சதவீதம் கிருமி அழிவு’ என்பது ஆய்வகத்தில் துணித் துண்டின் மேல் பாக்டீரியாவை விட்டு 24 மணி நேரம் கழித்து எண்ணிய கணக்கு. உடம்பில் உள்ள புண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த வெள்ளி எவ்வளவு நாள் தங்கும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ட்ராய் பென், பால் வெஸ்டர்ஹாஃப் இருவரும் 2008இல் கடைச் சாக்ஸ்களை வாங்கித் துவைத்துப் பார்த்தார்கள். சில பிராண்டுகளில் நான்கே துவைப்பில் வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. சிலவற்றில் அப்படியே நின்றது. துகளை நூலில் எப்படிப் பிணைத்தார்கள் என்பதில்தான் எல்லாமே. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைக் கண்ட திருப்பூருக்கு, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி புதிதல்ல. பட்டறைக் கழிவுக்குச் சுத்திகரிப்பு கட்டாயம். வீட்டில் துவைக்கும் தண்ணீருக்கு யார் கணக்கு கேட்பது?

காலில் புண் இருப்பவர் என்ன செய்யலாம்?

ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். இவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவதால், புண் இருப்பதே தெரியாமல் அதன் மேலேயே நிற்பார்கள். அயர்னிங், செக்கிங், கட்டிங் என்று நின்றபடி செய்யும் வேலைகளில் இது இன்னும் மோசம். புண் ஆற முதல் தேவை அந்த இடத்தில் எடை விழாமல் பார்ப்பது. அதற்காகக் காலில் மாவுக்கட்டு போன்ற ஒன்றைப் போடுவார்கள், அல்லது தனிச் செருப்பு தருவார்கள். அடுத்து, செத்த திசுவை வெட்டி எடுப்பது, ரத்த ஓட்டம் சோதிப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, தொற்று இருந்தால் ஆன்டிபயாட்டிக். இவற்றில் எதையும் எந்த நானோ துகளும் செய்யாது. சென்னை ராயபுரத்தில் 1954இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனை பாதப் பராமரிப்புக்காக அறியப்பட்டது. பெயர் ஒன்றுதான், ஊர் வேறு.

தொற்றுள்ள புண்ணுக்கு டாக்டரே வெள்ளிக் கட்டு எழுதித் தரலாம். அது தவறல்ல. இரண்டு வாரம் பார்த்து, முன்னேற்றம் இல்லையென்றால் மாற்றிவிட வேண்டும் என்பது மருத்துவ வழக்கம்.

கடையில் நீங்களே டியூப் வாங்குவதென்றால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். புண்ணுக்கான கிரீம் மருந்தாக உரிமம் பெற்றிருக்க வேண்டும், டிரெஸ்ஸிங் என்றால் மருத்துவச் சாதனமாக. அழகுசாதனமாக மட்டும் உரிமம் பெற்றது புண்ணை ஆற்றும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்களை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரிலேயே வெளியிட்டிருக்கிறது. புண்ணைச் சுற்றிச் சிவந்தாலோ, வீங்கினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ டியூபைத் தேடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.