சோயா விதையும் அறுவடை நாளும்

விதைப் பையின் சீட்டில் முளைப்புத் திறன் 70 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 100 விதை ஊன்றினால் 70 செடிகள் மண்ணுக்கு மேலே தலை நீட்ட வேண்டுமல்லவா? சோயா மொச்சையில் பல சமயம் அப்படி நடப்பதில்லை. காரணம் என்ன? விதைச் சோதனையின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

விதைகளைச் சோதிக்கும் முதல் நிலையத்தை ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள தாராண்ட் என்னும் ஊரில் 1869-இல் பிரீடரிக் நோபே தொடங்கினார். விதை வணிகத்தில் மலிந்திருந்த கலப்படமே அவரை இதில் இறக்கியது. 1924-இல் பன்னாட்டு விதைச் சோதனைச் சங்கம் உருவாயிற்று. ஆனால் முளைப்புச் சோதனையில் விதைக்கு இதமான வெப்பமும் அளவான ஈரமும் கிடைக்கின்றன. வயல் அத்தனை இரக்கம் காட்டுவதில்லை. ஆகவே முளைப்புத் திறன் வேறு, வீரியம் வேறு என்று பிரித்துக் காணவேண்டுமென 1950-இல் வாஷிங்டனில் கூடிய சங்க மாநாட்டில் பிராங்க் என்ற அறிஞர் வலியுறுத்தினார்.

வீரியத்தை அளப்பது எப்படி? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெலூச், பாஸ்கின் இருவரும் 1973-இல் விரைவு முதுமைச் சோதனையை விளக்கி எழுதினர். விதையை வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் வைத்து, பிறகு முளைக்கவிட வேண்டும். சோயாவுக்கு இன்று 41 டிகிரி சென்டிகிரேடு, 72 மணி நேரம் என்பது வழக்கு. வலுவான விதை தேறும். நலிந்த விதை தோற்கும்.

சோதனைச்சாலையில் நாம் வேண்டுமென்றே தரும் இத்துன்பத்தை, அறுவடை தாமதமான வயல் தானாகவே தந்துவிடுகிறது. சோயா விதை முழு எடையை எட்டும் நிலையை வினையியல் முதிர்ச்சி என்பர். அதன் தரம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ஆனால் அந்நேரம் விதையில் பாதியளவு நீரே! கதிரடித்தால் நசுங்கும், குவித்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். எனவே காத்திருக்கத்தான் வேண்டும். எத்தனை நாள்? 95 சதவீதக் காய்கள் முற்றிய நிறம் பெற்ற பின், ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க 5 முதல் 10 நாள் உலர்ந்த வானிலை தேவை என்று ஃபேர், கேவினஸ் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1977-இல் வரையறுத்தனர்.

அதற்கு மேலும் பயிரை விட்டுவைத்தால் என்ன ஆகும்? மழையில் விதை உப்பும், வெயிலில் சுருங்கும். மாறி மாறி இப்படி நேர்வதால் மெல்லிய விதையுறை சுருக்கம் விழுந்து வெடிக்கும்; பூசணம் உள்ளே நுழையும். ஈரம் 12 சதவீதத்துக்கும் கீழே போனால் கதிரடிக்கும்போது விதை பிளக்கும். முளைவேர் அந்த மெல்லிய உறையை ஒட்டியே இருப்பதால் சிறு அடியும் அதை ஊனமாக்கும்.

முளைக்கும்போது சோயா தன் இரு பருத்த வித்திலைகளையும் மண்ணைப் பிளந்து மேலே தூக்கி வரவேண்டும். மழைக்குப் பின் மண் இறுகிவிட்டால் நலிந்த முளை உள்ளேயே ஒடிந்துபோகும்.

மத்தியப் பிரதேசத்தில் செப்டம்பர், அக்டோபரில் அறுவடையாகும் விதை, கோடையைக் கடந்து அடுத்த ஜூன் வரை உயிரோடு காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத் திறன் கேட்கும் விதிமுறை, சோயாவுக்கு 70 சதவீதமே போதும் என்கிறது. அதன் மென்மையை விதியே ஒப்புக்கொள்கிறது!

ஆகவே விதைக்கென வளர்த்த சோயாவை, உலர்ந்தவுடன் தாமதமின்றி அறுவடை செய்யவேண்டும். விதைக்குமுன் 100 விதைகளை வயல் மண்ணிலேயே ஊன்றி எண்ணிப் பாருங்கள். சீட்டு சொல்லாததை அந்த மண் சொல்லும்.