சராசரிக்குள் காணாமற்போன தாய்மார்

2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் சுகாதார முறைமைகளை அளந்து ஒரு தரவரிசை வெளியிட்டது. முதலிடம் பிரான்சுக்கு. சான் மரினோ, அண்டோரா, மால்டா என்ற குட்டி நாடுகள் முதல் ஐந்துக்குள் வந்தன. அமெரிக்கா 37ஆவது, இலங்கை 76ஆவது, இந்தியா 112ஆவது. மக்களை மரியாதையோடு நடத்துகிறார்களா என்பதும் அந்த அளவீட்டில் ஓர் அம்சம். ஆனால் அதை 35 நாடுகளில் மட்டுமே, விடயம் அறிந்தவர்கள் எனத் தெரிந்தெடுத்தவர்களிடம் கேட்டார்கள். மற்ற நாடுகளுக்குக் கணக்குப் போட்டு நிரப்பினார்கள். விமர்சனம் வலுத்தது. அப்படியொரு தரவரிசையை அந்த நிறுவனம் பின்னர் வெளியிடவில்லை.

இந்தப் பட்டியலை மாணவிகளுக்குக் காட்டும்போது நான் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. இந்த எண்களை முதலில் எழுதியது யார்? இந்த எண்களுக்குள் யார் இருக்கிறார்கள்? இலங்கையின் சுகாதார வரலாற்றை இந்த இரண்டு கேள்விகளோடு படித்தால் பெருமையும் வருகிறது, கோபமும் வருகிறது.

முதலில் பெருமை. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிரசவங்களில் ஒன்று மரணத்தில் முடிந்தது என்று பொருள். அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு 6 முதல் 12 ஆண்டுகளுக்குள்ளும் அந்த வீதம் பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. 2010களில் அது 40க்கும் கீழே இருந்தது. பணக்கார நாடாக மாறாமலேயே இதைச் சாதித்ததால், 1985இல் 'குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம்' என்ற தலைப்பில் நடந்த சர்வதேச மாநாட்டில் சீனா, கோஸ்டாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையும் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது.

பாடநூல்கள் இந்தச் சாதனைக்கு 1946இல் தொடங்கிய டி.டி.டி. தெளிப்பையும் மலேரியா ஒழிப்பையும் முதலில் சொல்லும். அவற்றுக்குப் பங்கு உண்டு. பெனிசிலினுக்கும் இரத்த வங்கிக்கும் பங்கு உண்டு. ஆனால் மருந்து வீட்டுப்படி ஏறி வராது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபோது, வைத்திய அதிகாரியின் கீழ் ஊருக்குள் போய் வேலை செய்யும் மருத்துவமாது என்ற பதவி அதன் அடித்தளமாயிற்று. இன்று அவரைக் குடும்பநல உத்தியோகத்தர் என்கிறோம். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்பது திட்டம். யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, எந்தக் குழந்தைக்கு நிறை ஏறவில்லை என்று வீடுவீடாகப் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதுபவர் அவர்தான். உலக நிறுவனங்களின் அட்டவணைக்குள் போன எண்களில் பெரும்பங்கு இந்தப் பெண்களின் கையெழுத்தில் தொடங்கியவை. அவர்களின் பெயர் எந்த அட்டவணையிலும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1950களில்கூட இலங்கைப் பெண்களின் சராசரி ஆயுட்காலம் ஆண்களைவிடக் குறைவாகவே இருந்தது. அடுத்த பத்தாண்டில்தான் பெண்கள் முந்தினார்கள். பிரசவம் உயிரைப் பறிக்கும் ஒன்றாக இல்லாமற்போனது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

இனிக் கோபம். மருத்துவமாது படலை திறந்து உள்ளே போன வீடுகள் கிராமத்து வீடுகள். தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு அவர் போகவில்லை. தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைத் தோட்ட நிர்வாகமே கவனிக்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் கால ஏற்பாடு. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே கொழுந்து பறிக்கும் பெண்ணின் பிரசவம் அரசாங்கத்தின் பொறுப்பாக இல்லாமல் துரையின் செலவுக் கணக்காகவே இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. கிராமத்துப் பெண்ணின் வாக்குக்காக அரசியல்வாதி ஆஸ்பத்திரி கட்டித்தர வேண்டியிருந்தது. தோட்டத்துப் பெண்ணிடம் அந்த வாக்கு இல்லை.

இதன் விளைவு 1974இல் அப்பட்டமாகத் தெரிந்தது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீடு வெட்டப்பட்டு, பயிர் செய்ய ஒரு துண்டு நிலமும் இல்லாத தோட்டங்களில் பட்டினி பரவியது. அந்த ஆண்டு ஆயிரம் பிறப்புகளுக்கு நாட்டின் சிசு மரணம் 50 அளவில் இருந்தது. தோட்டங்களிலோ அது 100ஐயும் தாண்டியது. இதே 1970களின் முற்பகுதி விவரங்களை வைத்துத்தான் பொருளியலாளர் மோரிஸ் டேவிட் மோரிஸ் 1979இல் 'பௌதிக வாழ்க்கைத்தரச் சுட்டெண்' ஒன்றை வெளியிட்டார். எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதில் எதிர்பார்க்கும் ஆயுட்காலம் ஆகிய மூன்றையும் சேர்த்து 100க்கு மதிப்பெண் போடும் முறை அது. இலங்கை 80க்கு மேல் பெற்றது. வறிய நாடொன்றுக்கு அது வியப்பான மதிப்பெண். அந்த எண்ணில் பொய் இல்லை. தோட்டத்தில் இறந்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். ஆனால் சராசரியில் கரைந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தார்கள். பிள்ளையைப் பெற்ற தாயின் மரணமோ அந்த மூன்று அளவுகோல்களில் ஒன்றாகவே இல்லை.

வடக்கும் கிழக்கும் வேறு விதமாகக் காணாமற்போயின. 1987, 1993 ஆண்டுகளின் தேசிய குடிசன சுகாதார ஆய்வுகளில் யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006-07 ஆய்வில் வட மாகாணம் இல்லை. 2016 ஆய்வுதான் 25 மாவட்டங்களையும் உள்ளடக்கியது. அதுவரை 'தேசிய' என்ற சொல்லுக்குள் நாட்டின் ஒரு பகுதிப் பெண்கள் இருக்கவில்லை. அதே 2016 ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம் என்று காட்டியது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகும் இந்த இடைவெளி மூடவில்லை.

அப்படியானால் அளப்பதே வீண் வேலையா? நான் அப்படி நினைக்கவில்லை. தோட்டத்தின் எண்ணைத் தனியாகப் பிரித்து எழுதியிருக்காவிட்டால் 1974இன் அநியாயத்தை நாம் எடுத்துக்காட்டவே முடியாது. இலங்கையிடம் இன்னொரு நல்ல முறையும் இருக்கிறது. ஒரு தாய் இறந்தால் அது எண்ணிக்கையில் சேர்வதோடு முடிவதில்லை. வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் விசாரிப்பார்கள். எப்போது வலி தொடங்கியது, வண்டி ஏன் தாமதித்தது, இரத்தம் இருந்ததா, யார் பார்த்தார்கள் என்று கேட்பார்கள். பிறகு நிபுணர்கள் கூடி, இந்த மரணத்தைத் தடுத்திருக்க முடியுமா என்று ஆராய்வார்கள். அந்தக் கேள்விக்குச் சராசரி கிடையாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு சிறிய நாட்டின் சுகாதார முறைமையை எப்படி அளப்பது என்று இனி யாராவது கேட்டால், பட்டியலில் எத்தனையாவது இடம் என்று நான் பார்க்கப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு மிகத் தூரத்தில், மிகக் குறைந்த கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு இரவு இரண்டு மணிக்கு வலி கண்டால் என்ன நடக்கும் என்று முதலில் கேட்பேன். பிறகு, அதைக் கேட்டு எழுதிவைக்க அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா என்று கேட்பேன்.