தேயிலைத் தூசியும் தும்மலும்

தேயிலைக் கொழுந்தின் அரும்பிலும் இளம் இலையின் அடிப்புறத்திலும் வெள்ளை மயிர் போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. இலை வாடி, உருட்டப்பட்டு, நொதித்து, அடுப்புச் சூட்டில் காயும்வரை அவை இலையோடே இருக்கும். காய்ந்த தூளைச் சலிக்கும்போதுதான் பிரிந்து பறக்கும். சலிப்பறையின் சன்னல் கம்பியிலும் உத்தரத்திலும் வேலையாட்களின் புருவத்திலும் பழுப்புப் பஞ்சாகப் படிவது இதுதான். மூக்கில் ஏறினால் தும்மல். நெஞ்சுக்குள் இறங்கினால் இருமல். சிலருக்கு ஆண்டுகள் கழித்து ஆஸ்துமா.

இலங்கையில் இந்தத் தூசியின் வரலாறு தேயிலையின் வயதை ஒட்டியது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் மலையகம் தேயிலைக்கு மாறியது. 1885இல் ரயில் பாதை நானுஓயாவை எட்டியது. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் நிற்கும் வட்டகொடை நிலையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகளில் பறித்த கொழுந்து, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் தூளாகிக் கொழும்புக்கு இறங்கியது.

ஈரமான மலைநாட்டில் இந்தத் தூசி கூடுதல் தொல்லை. காய்ந்த தேயிலை காற்றின் ஈரத்தை விரைவில் உறிஞ்சும். மழைக்காலத்தில் சன்னலைத் திறந்தால் தேயிலை கெடும். அடைத்தால் தூசி அறைக்குள்ளேயே சுற்றும். தேயிலையைக் காக்கும் ஏற்பாடே மனிதரின் மூச்சுக்கு எதிராக நின்றது.

காய்ந்த செடித்தூசியால் தும்மல் வருவது உலகுக்குப் புதிதல்ல. 1819இல் லண்டனில் ஜான் பாஸ்டாக் தம் கோடைக்காலத் தும்மல் நோயை மருத்துவச் சங்கத்தின் முன் விவரித்தார். அதற்குப் புல்லின் மகரந்தமே காரணம் என்று 1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்லி காட்டினார். வளர்ப்பு முயல்களிடமும் இதைப் பார்க்கலாம். முயல் பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. தூசி படிந்த உலர்புல்லைக் கொடுத்தால் உடனே தும்மும். புல்லை உதறிப் போட்டதும் தும்மல் நின்றால் அது தூசியின் எரிச்சல். நிற்காமல் மூக்குச் சளி தொடர்ந்தால், கூட்டில் தேங்கிய சிறுநீர் நெடியையும் பாஸ்டுரெல்லா கிருமியையும் சந்தேகிக்க வேண்டும். ஸ்டோரிலும் இப்படிப் பிரித்தறிவது அவசியம். எரிச்சலால் வரும் தும்மல் அறையை விட்டு வெளியேறினால் அடங்கும். ஒவ்வாமை அவ்வளவு எளிதில் அடங்காது, உடல் ஒருமுறை தூசியைப் பகையாக எண்ணிவிட்டால் பிறகு சிறு அளவே இழுப்பைக் கிளப்பும்.

மருத்துவம் தேயிலைத் தூசியின் தீங்கைக் கண்டுகொண்ட வரிசை கவனிக்கத்தக்கது. கொழும்பில் பணியாற்றிய அல்டோ கஸ்டெல்லானியும் ஆல்பர்ட் சால்மர்ஸும் 1919இல் தம் வெப்பமண்டல மருத்துவக் கையேட்டில் எழுதியது தேயிலை ருசிபார்ப்போரின் இருமலைப் பற்றி. தூளை மூக்கருகே வைத்து முகர்பவர்கள் அவர்கள். 1970இல் மார்பு நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட பிரித்தானிய மருத்துவ இதழொன்றில், ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கரின் ஆஸ்துமாவை விவரித்தார். தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றிய அவருடைய ஆய்வு வெளிவந்தது 1980இல். ருசிபார்ப்பவர் முதலில், டீமேக்கர் அடுத்து, தொழிலாளர் கடைசியில். நாள் முழுதும் அந்தத் தூசியில் நின்று தூளைக் கூட்டி அள்ளுபவர்களும் காம்பு பொறுக்கும் பெண்களும் ஏட்டில் இடம்பெற அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவர்களின் இருமலைக் குளிரின் தலையிலும், அவர்கள் குடியிருக்கும் லயத்து அடுப்புப் புகையின் தலையிலும் போடுவது எளிதாக இருந்தது. அந்த இரண்டும் உண்மையான காரணங்கள் என்பதால் மூன்றாவது காரணம் இன்னும் நன்றாக மறைந்துபோனது.

சட்டம் இதில் தொழிலாளர் பற்றிய மருத்துவ ஆய்வுக்கு முந்தியது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலையிடத்துத் தூசியை அகற்றுவதை முதலாளியின் கடமையாக்கியது. சலிக்கும் இயந்திரத்தின் மேலேயே தூசியை உறிஞ்சி வெளியேற்றும் குழாயும் விசிறியும்தான் சரியான தீர்வு. மூக்கில் கட்டும் சேலைத்துணி பெரிய பஞ்சைத் தடுக்கும். நெஞ்சுக்குள் இறங்கும் நுண்தூசியைத் தடுக்காது.

சலிப்பறையில் வேலை செய்பவருக்கு லீவு நாளில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடும் இழுப்பு இருந்தால், டிஸ்பென்சரியில் இருமல் என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கி வரக்கூடாது. எந்த அறையில், எத்தனை வருடமாக வேலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.