சனி எப்போது பெயர்ந்தது?

2023ஆம் ஆண்டில் அம்மா சனிப்பெயர்ச்சிக்காக இரண்டு முறை அர்ச்சனை செய்தார். ஜனவரி 17ஆம் தேதி ஒருமுறை, டிசம்பர் 20ஆம் தேதி இன்னொருமுறை. முதலாவது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி. இரண்டாவது வாக்கியப் பஞ்சாங்கப்படி; திருநள்ளாற்றிலும் அன்றுதான். இரண்டாவது அர்ச்சனைச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பசியாறிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

“நீதான காலேஜ்ல நட்சத்திரமெல்லாம் படிச்ச? ஒரு கிரகம் ஒரே ராசிக்கு ரெண்டு தடவ எப்படிப் போகும்? பதினோரு மாசம் இடிக்குதே.”

நான் படித்தது நட்சத்திரம் இல்லை. சூரியக் குடும்பம் பற்றி ஒரே ஒரு பருவம், அதுவும் விருப்பப் பாடமாக. “கணக்கு வேறம்மா” என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். ஆனால் எந்தக் கணக்கு, யார் போட்டது என்று தேட ஆரம்பித்தபோது அந்தத் தேடல் புதுச்சேரியில் போய் நின்றது. அங்கே எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர் இருந்தார். எங்கள் வகுப்பு மொத்தமும் பார்த்துச் சிரித்த மனிதர் அவர்.

அறிமுக வானியல் வகுப்புகளில் கியோம் லெ ஜாந்தீயின் கதையை நகைச்சுவை இடைவேளை மாதிரிதான் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கெப்ளரின் மூன்றாம் விதி 1619இல் வந்துவிட்டது. ஒரு கோள் சூரியனைச் சுற்ற எவ்வளவு காலம் எடுக்கிறது என்று தெரிந்தால் அதன் தூர விகிதம் தெரிந்துவிடும். பூமியின் தூரம் 1 என்றால் வெள்ளி 0.72, வியாழன் 5.2, சனி 9.5. சரி, அந்த 1 என்பது எத்தனை மைல்? உறுதியாகச் சொல்ல ஆளில்லை. சூரியக் குடும்பத்தின் வரைபடம் கையில் இருந்தது, அதன் ஓரத்தில் போட வேண்டிய அளவுகோல்தான் இல்லை.

எட்மண்ட் ஹாலி 1716இல் ஒரு வழி சொன்னார். வெள்ளி அபூர்வமாகச் சூரியனின் முகத்தைக் கறுப்புப் புள்ளியாகக் கடந்து போகும். கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்தி, கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் நகர்வதுபோலத் தெரியும் அல்லவா? அதேபோல, பூமியில் வெகுதொலைவில் உள்ள இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் அந்தப் புள்ளி சூரியன்மேல் சற்று வேறு வேறு பாதையில் போகும். கடக்கும் நேரமும் மாறும். இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரம் தெரிந்தால், நேர வித்தியாசத்தைக் கொண்டு சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். கடப்பு எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறு ஆண்டுக்கு மேல் வராது. 1761, 1769. தவறவிட்டால் 1874தான். (கடைசியாக 2012 ஜூன் 6ஆம் தேதி காலையில் நம் வானத்திலேயே நடந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அடுத்தது 2117.)

லெ ஜாந்தீ 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினார். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. 1761 ஜூன் 6ஆம் தேதி வானம் தெளிவாக இருந்தது. அவரோ நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். தான் இருக்கும் தீர்க்கரேகையும் உறுதியில்லை, ஊசல் கடிகாரத்தை நிறுத்தவும் முடியாது. பார்த்தார், பயனில்லை. அதே போரினால் எதிர்த்திசையில் அடிபட்டவர்களும் உண்டு. ஆங்கிலேயர்களான மேசனும் டிக்சனும் சுமத்ராவின் பென்கூலனுக்கு வர வேண்டியவர்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு தெருப்பெயராகத் தெரிந்த அதே பென்கூலன்தான். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டதால் நன்னம்பிக்கை முனையிலேயே இறங்கிப் பார்த்தார்கள்.

லெ ஜாந்தீ ஊர் திரும்பவில்லை. எட்டு வருடம்தானே என்று இந்தியப் பெருங்கடல் பக்கமே தங்கிவிட்டார். மணிலாவுக்குப் போனார். அங்கேயே இருந்து பார்க்கத்தான் விருப்பம். ஆனால் 1768 மார்ச்சில், மீண்டும் பிரெஞ்சு வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின்மேல் ஒரு வானாய்வுக் கூடம் கட்டினார். சென்னையிலிருந்து ஆங்கிலேயர்களே ஒரு தொலைநோக்கி அனுப்பி உதவினார்கள். 1769 ஜூன் 3 இரவு வானம் அருமையாக இருந்தது. விடியும் முன் மேகம் கவிந்தது. சூரியன் உதிக்கும்போதே கடப்பு நடந்துகொண்டிருக்கும், காலை ஏழு மணி வாக்கில் முடிந்துவிடும். மேகம் அதுவரை இருந்துவிட்டு விலகியது. அன்று பகல் முழுக்க நல்ல வெயில். மணிலாவில் காலையிலிருந்தே தெளிவான வானம். 1771இல் பாரிஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டார் என்று உறவினர்கள் சொத்தைப் பிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் வகுப்பு சிரித்தது. கதையும் அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் அடுத்த சிலைடு விடை. மற்றவர்கள் எடுத்த அளவுகளைக் கொண்டு தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771இல் சொன்ன தூரம் சுமார் 9 கோடியே 37 லட்சம் மைல். இன்றைய அளவு 9 கோடியே 30 லட்சம். ஒரு சதவீதம்கூடப் பிழையில்லை.

ஆனால் மேகத்துக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில் லெ ஜாந்தீ சும்மா இருக்கவில்லை. புதுச்சேரித் தமிழர்களிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நடந்த சந்திர கிரகணத்தைத் தமிழ் முறையில் கணக்குப் போட வைத்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையதில் 68 விநாடி கூடியது.

இந்த 41 விநாடியை நீங்கள் வாட்சப்பில் பார்த்திருக்கலாம். “வெள்ளைக்காரனையே தோற்கடித்த தமிழன்” வகையில் வரும். எனக்கும் படித்தவுடன் உடம்பு சிலிர்த்தது, மறைக்கவில்லை. ஆனால் அது கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் உள்ள பிழை. எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறார். ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அதில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கியே அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 கிரகணத்தைக் கணக்கிட்டதைப் பதிவு செய்கிறார். தாளில்லை, கருவியில்லை. பிழை: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. இந்த 52 நிமிடம் ஏனோ வாட்சப்பில் வருவதில்லை.

அவர் தரையில் செய்தது என்ன? நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகம் கூடிக் குறைந்து மீண்டும் பழைய வேகத்துக்கு வர ஏறத்தாழ 27.55 நாள். அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். எழுத்துகளே எண்களாக நிற்கும் வாக்கியங்கள். மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். குறித்த நாள்வரை எத்தனை நாள் கழிந்தது என்று எண்ணி, அதில் பெரிய சுழற்சிகளைக் கழித்து, பிறகு 3031, பிறகு 248 என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது எத்தனையாவது வாக்கியம் என்று சொல்லிவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயருக்கு இதுதான் காரணம். அம்மாவின் டிசம்பர் அர்ச்சனையும் இந்தக் குடும்பத்துக் கணக்குதான்.

அந்த மனிதருக்கு நல்ல நினைவாற்றல், ஆனால் கோட்பாடு ஒன்றும் புரியாது என்று வாரன் எழுதினார். உண்மையாக இருக்கலாம். நானும் கெப்ளர் விதியைப் பரீட்சையில் அப்படித்தான் போட்டேன்.

இந்தப் பக்கங்களை வைத்து ஓட்டோ நியூகேபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையை எழுதினார். துல்லியம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. 248, 3031 என்ற எண்கள்தான் அவரைப் பிடித்து நிறுத்தின. ஏனென்றால் அவர் பாபிலோனியக் களிமண் பலகைகளைப் படித்தவர். இதே நிலாச் சுழற்சி அந்த மரபில் இருந்தது. மெசப்பொத்தேமியாவில் கிளம்பி, கிரேக்கர் வழியாக வந்து, ஒரு கணக்கு 1825இலும் புதுச்சேரித் தரையில் சோழியாக உயிரோடு இருந்திருக்கிறது. எனக்கு இது 41 விநாடியைவிடப் பெரிய விஷயம். “எல்லாம் நம்முடையது” என்று சொல்கிறவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

அதற்காக மரபு என்றாலே பழசைக் காப்பது மட்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. கேரளத்தின் பரமேஸ்வரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துப் பழைய எண்களைத் திருத்தி 1431இல் ‘திருக்கணிதம்’ எழுதினார். திருக் என்றால் பார்வை. பார்வையோடு ஒத்துப்போகும் கணிதம். கிரக வேகத்தில் உள்ள சிறு பிழை நூற்றாண்டுகளில் சேர்ந்து பாகைக் கணக்கில் பெருகிவிடும். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருடம் எடுக்கும் சனியில் அதுவே பல மாதமாகத் தெரியும். திருத்தியவர்கள் இருந்தார்கள். திருத்தாத வாக்கியங்களும் கூடவே தொடர்ந்து வந்தன.

சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவரையும் இந்தத் தேடலில்தான் கண்டேன். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். லெ ஜாந்தீ தவறவிட்டபின் வந்த முதல் வெள்ளிக் கடப்பு, 1874இல். அதை உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதி இந்திய மொழிகளில் வரச் செய்தார். வானத்தோடு பொருந்தும் பஞ்சாங்கம் வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவரும் இவரே. அந்த ஜனவரி அர்ச்சனை இவர் பக்கம். என் பாடப்புத்தகத்தில் இவர் பெயர் இல்லை.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். பாபிலோன் வரும்போது அவர் கவனம் அடுப்புக்குப் போய்விட்டது. வாசலுக்குக் கூப்பிட்டு மேற்கே, தாமான் கூரைகளுக்கு மேலே மங்கலான மஞ்சள் புள்ளியைக் காட்டினேன்.

“அதுவா சனி? இத்துனூண்டு இருக்கு.”

“ஆமாம்மா. நூறு கோடி கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருக்கு.”

“அத யாரு அளந்தா?” என்றார்.