தண்ணீரிலும் தரையிலும்: ஏர்போட்டின் அடித்தட்டு சொல்லும் வரலாறு

1972 டிசம்பர் 29. நள்ளிரவு நெருங்கும் நேரம். நியூயார்க்கிலிருந்து மியாமிக்கு 176 பேருடன் வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 என்ற விமானம், ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து சிதறியது. காரணம் ஒரு சின்ன பல்பு! முன்சக்கரம் இறங்கிவிட்டதா என்று காட்டும் விளக்கு எரியவில்லை என்று விமானிகள் அதையே பார்த்துக்கொண்டிருக்க, விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

விழுந்த இடத்துக்குச் சாலை கிடையாது. முழங்கால்கூட நனையாத தண்ணீர், அதற்குக் கீழே சேறு, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு அரம் போன்ற விளிம்புள்ள கோரைப்புல். ஜீப் போகாது, சாதாரணப் படகும் போகாது. அன்றிரவு தவளை பிடிப்பதற்காக ஏர்போட்டில் சதுப்புக்குள் வந்திருந்த ராபர்ட் 'பட்' மார்க்கிஸ் என்பவர், தூரத்தில் எழுந்த நெருப்பைப் பார்த்துப் படகைத் திருப்பினார். முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் அவர் ஒருவர். எரிபொருள் கலந்த தண்ணீரில் இறங்கி ஆட்களைத் தூக்கினார், உடம்பில் தீக்காயம் பட்டது. தலையில் மாட்டியிருந்த விளக்கை ஆட்டி ஹெலிகாப்டருக்கு வழி காட்டினார். 75 பேர் பிழைத்தார்கள்.

அவரால் அங்கே போக முடிந்ததற்கு எஞ்சின் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பாகம். அதுதான் படகின் அடித்தட்டு.

ஏர்போட் என்றால் பின்பக்கம் கூண்டுக்குள் பெரிய விசிறி சுற்றும் படகு. விசிறி தண்ணீருக்குள் இல்லை, காற்றில் இருக்கிறது. அதனால் புல்லோ சேறோ சிக்காது. சுக்கானும் காற்றில்தான். இந்த யோசனையைப் பெரிய அளவில் முதலில் செய்து பார்த்தவர் டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்! 1905-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அவருடைய குழு ஒரு படகைக் கட்டியது. பெயர் 'அக்லி டக்ளிங்', அதாவது அசிங்கமான வாத்துக்குஞ்சு. விமானத்துக்கான எஞ்சினையும் விசிறியையும் சோதிப்பதற்காகக் கட்டியது அது. வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டவில்லை. நடந்தே போயிருக்கலாம்!

அந்தப் படகு இரட்டை உடல் கொண்ட 'கேட்டமரான்' வகை. அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆனால் நம் மீனவர்களின் கட்டுமரம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, இரட்டை உடல் அல்ல. சொல் கடல் தாண்டியபோது பொருள் மாறிவிட்டது.

பிறகு 1920-இல், விமானத் துறையில் பேர் பெற்ற கிளென் கர்ட்டிஸ் எவர்கிளேட்ஸில் வேட்டைக்குப் போவதற்காக 'ஸ்கூட்டர்' என்றொரு மூடிய விசிறிப் படகைக் கட்டினார். கோடீஸ்வரரின் பொழுதுபோக்கு. ஆனால் ஏர்போட்டுக்கு உருவம் கொடுத்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் வந்த தவளை பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும்தான். பழைய விமான எஞ்சின், ஒட்டுப்பலகை, ஆணி... இவ்வளவுதான் மூலதனம். அவர்கள் எல்லோரும் அடித்தட்டைத் தட்டையாகவே வைத்தார்கள். ஏன்?

ஒரு சின்னக் கணக்கு. 1000 கிலோ எடையுள்ள படகு, 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், தட்டையான அடி என்று வைத்துக்கொண்டால், அது தண்ணீரில் 10 சென்டிமீட்டர்தான் அமிழும். அதே படகின் அடியை 15 டிகிரி சாய்வில் 'வி' வடிவமாக மாற்றினால் நடுப்பகுதி சுமார் 23 சென்டிமீட்டர் அமிழ வேண்டும். சதுப்பில் அந்த 13 சென்டிமீட்டர்தான் ஊர் போய்ச் சேருவதற்கும் நடுவழியில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். தரையில் ஏறினால் இன்னும் மோசம். 'வி' படகு நடுக்கோட்டில் மட்டும் நின்று ஒரு பக்கமாகச் சாயும், மொத்த எடையும் ஒரு சின்ன இடத்தில் இறங்கிச் சேற்றை உழும்.

கிட்டத்தட்ட இதே முடிவுக்கு நாட்டின் இன்னொரு மூலையிலும் வந்தார்கள். யூட்டா மாநிலத்தில், கிரேட் சால்ட் ஏரிக்குப் பக்கத்தில், பேர் ரிவர் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1928-இல் சட்டம் போட்டு உருவாக்கியது. அங்கே 'போட்டுலிசம்' என்ற நோயால் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நோயுற்ற பறவைகளை எடுத்துக் காப்பாற்றவும் செத்தவற்றை அகற்றவும் ஆள் போக வேண்டும். நடந்தால் சேறு விழுங்கும், படகில் போனால் தரை தட்டும். 1943-இல் சரணாலயத்தைச் சேர்ந்த செசில் வில்லியம்ஸ், ஹார்ட்டின் ஜென்சன், லியோ யங் ஆகியோர் 12 அடி நீள அலுமினியத் தட்டைப் படகில் 40 குதிரைத்திறன் கொண்ட விமான எஞ்சினைப் பொருத்தினார்கள். பெயர் 'அலிகேட்டர் 1'. உட்கார இருக்கைகூடக் கிடையாது, ஓட்டுபவர் மண்டியிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அலுமினியம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒட்டுப்பலகை நாளாக ஆகத் தண்ணீர் குடித்துக் கனக்கும், அலுமினியம் அப்படி இல்லை. கல்லில் மோதினாலும் பெரும்பாலும் நசுங்குமே தவிர உடையாது.

மூன்றாவது பொருள் கண்ணாடி இழை. அதைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனது வியட்நாம் போர். 1966-இல் மெகாங் டெல்டாவில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் 'ஏர்கேட்' என்ற கண்ணாடி இழை ஏர்போட்டுகளை இறக்கினார்கள். வெள்ளம் நிறைந்த வயல், அதன் நடுவே வரப்பு, மறுபடி வயல் என்று மாறி மாறி வரும் நிலத்தில் வரப்பின் மேல் வழுக்கிக்கொண்டே போக இந்தப் படகுகளால் முடிந்தது. சத்தம்தான் பெரிய குறை. எதிரிக்கு முன்கூட்டியே தந்தி அடித்துவிட்டுப் போவது போல!

ஆக, ஆழமில்லாத இடத்துக்குத் தட்டை அடிதான் என்று முடிவாகிவிட்டது. சிக்கல் வந்தது திறந்த நீரில்.

எவர்கிளேட்ஸுக்கு வடக்கே ஒக்கிச்சோபி என்ற ஏரி. சுமார் 1,900 சதுர கிலோமீட்டர் பரப்பு, சராசரி ஆழம் 3 மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு அகலமான, ஆழமற்ற ஏரியில் காற்று அடித்தால் அலைகள் உயரமாக எழும்புவதைவிட நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். தட்டை அடி அந்த அலையை வெட்டாது, அதன் மேல் அறையும். ஒவ்வொரு அறையும் பற்றவைப்பையும் ரிவெட்டையும் தளர்த்தும், ஓட்டுபவரின் முதுகெலும்பையும் விடாது. கூடவே இன்னொரு தொல்லை. விசிறி உயரத்தில் இருந்து தள்ளுவதால் அணியம் (படகின் முன்முனை) கீழே அழுந்தும். முன்முனை தாழ்வாக இருந்தால் அலைக்குள் நேராகக் குத்திவிடும்.

இதைவிட ஆபத்து பின்னால் இருக்கிறது. ஏர்போட்டுக்குப் பிரேக் கிடையாது. சாதாரண ஏர்போட்டுக்கு ரிவர்ஸும் கிடையாது. விசிறிக் காற்று பட்டால்தான் சுக்கான் வேலை செய்யும், எஞ்சினைக் குறைத்தால் திருப்பவும் முடியாது. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்துபோய்ச் சட்டென்று விசையை விட்டால், படகு தானே எழுப்பிய அலை பின்னாலிருந்து துரத்தி வந்து தாழ்வான பின்சுவரைத் தாண்டி உள்ளே கொட்டும். எஞ்சினும் விசிறியும் பின்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் ஏற்கெனவே கனம். நிமிடத்தில் மூழ்கிவிடும்.

அதனால் பெரிய நீருக்கென்று கட்டும் படகுகள் நீளமாகவும் அகலமாகவும் ஆயின. பக்கச் சுவரும் பின்சுவரும் உயர்ந்தன, அணியம் மேல்நோக்கி வளைந்து மேலே மூடியும் வந்தது, உள்ளே மிதப்பதற்கு நுரை அடைத்தார்கள். சிலர் முன்பகுதியை மட்டும் லேசான 'வி'யாக வளைத்து, பின்பகுதியைத் தட்டையாகவே விட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சேர்த்த ஒவ்வொன்றும் எடை. அந்த எடையைத் தரை மன்னிக்காது.

தரையில் நடப்பது வெறும் உராய்வுக் கணக்கு. 1000 கிலோ படகும் தரையும் உரசும்போது உராய்வுக் கெழு 0.4 என்றால் அதை நகர்த்தவே 400 கிலோ தள்ளுவிசை வேண்டும், 0.2 என்றால் 200 கிலோ போதும். எஞ்சினைப் பெரிதாக்கினால் எடை கூடும், எடை கூடினால் உராய்வு கூடும். எனவே புத்திசாலிகள் எஞ்சினை விட்டுவிட்டு அடித்தட்டைப் பார்த்தார்கள். வெறும் அலுமினியம் காய்ந்த புல்லிலும் மணலிலும் இழுக்கும், கண்ணாடி இழையின் மேல்பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். விடை ஒரு பிளாஸ்டிக்கில் கிடைத்தது: மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். இதே பொருளைத்தான் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1962-இல் செயற்கை இடுப்பு மூட்டில் பொருத்தினார். மனித இடுப்பில் வருடக்கணக்கில் வழுக்கும் பொருள் படகுக்கு அடியில் வழுக்காதா?

வழுக்குகிறது, ஆனால் சும்மா இல்லை. வெயிலில் இந்தப் பிளாஸ்டிக் அலுமினியத்தைவிடப் பல மடங்கு விரியும். 3 மீட்டர் தகடு 30 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டர் போல நீளும், அலுமினியம் 2 மில்லிமீட்டர்தான் நீளும். இறுக்கி போல்ட் போட்டால் தகடு அலை அலையாக உப்பிவிடும். அதனால் துளைகளை நீள்வட்டமாக வெட்டுகிறார்கள். தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே தங்கும் தண்ணீர் உலோகத்தை அரிக்கும் என்பது தனிக் கவலை. இன்னொரு விஷயம், தரையில் படகு பக்கவாட்டிலும் சறுக்கும். அடித்தட்டும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒரு வேரில் மாட்டிப் படகு கவிழும். தரை ஓட்டக்காரர்கள் அந்த விளிம்பை உருட்டி விடுவது இதனால்தான்.

இந்த இரண்டு தேவையும் ஒரே தெருவில் சந்தித்த நாட்கள் 2005-இல் வந்தன. ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கி, கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் சுமார் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. மின்சாரம் போன மருத்துவமனைகளில் நோயாளிகள் மாட்டிக்கொண்டார்கள். சாதாரண மோட்டார் படகின் விசிறி மூழ்கிய கார்களிலும் கம்பிகளிலும் சிக்கும் நிலை. அங்கேதான் தன்னார்வலர்களின் ஏர்போட்டுகள் போயின. மெமோரியல் மருத்துவமனையின் வாசல் வரை வந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு, தண்ணீர் ஏறாத மேட்டுத் தெருவில் இறக்கிவிட்டுத் திரும்பின. ஒரு தெருவில் ஆழம் ஆளை மூழ்கடிக்கும், அடுத்த தெருவில் தார் ரோடு. வாத்து வேட்டைக்கும் தவளை பிடிக்கவும் கட்டிய தட்டை அடிப் படகுகள் அந்தத் தார் ரோட்டில் அடியைத் தேய்த்துக்கொண்டே ஏறி, ஆட்களை இறக்கிவிட்டு, மறுபடியும் தண்ணீருக்குள் வழுக்கின.