கணித ஏடும் மாணாக்கர் ஊக்கமும்: ஹங்கேரி தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

ஒரு கல்லூரியின் கணிதத்துறை சிறந்து விளங்குகின்றதா என்று அறிய விரும்புவோர் முதலிற் பார்ப்பது பரீட்சைப் பெறுபேறுகளையே. விசேட சித்தி பெற்றோர் எத்தனை பேர், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோர் எத்தனை பேர் என்னும் எண்கள் பரிசளிப்பு விழாவில் வாசிக்கப்படுகின்றன. அவ்வெண்களைப் புறக்கணித்தல் முறையன்று. ஆயினும், மாணாக்கர் பரீட்சை முடிந்த மறுநாளும் கணக்கை நாடிச் செல்கின்றனரா என்னும் வினாவுக்கு அவ்வெண்கள் விடை கூறமாட்டா. அவ்வூக்கம் ஒரு நாட்டின் பள்ளிகளில் எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதற்கு ஹங்கேரி நாட்டின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சிறிய நாடு உலகுக்கு அளித்த கணித அறிஞரும் பௌதிக அறிஞரும் பலராவர். லிப்போற் ஃபேயேர், தியோடர் வொன் கார்மன், ஜோர்ஜ் போல்யா, காபோர் செகோ, யூஜின் விக்னர், ஜோன் வொன் நொய்மன், போல் ஏர்டோஷ் என அவ்வரிசை நீளும். இவர்களைப் பிறவி மேதைகள் என்று கூறி அமைவது எளிது. ஆனால், பிறவி மேதைமை ஒரு நாட்டில் ஒரு காலத்தில் மட்டும் திரண்டு தோன்றுவது ஏன் என்று வினவுவோர்க்கு அவ்விடை போதாது. அவர்கள் பயின்ற இடைநிலைப் பள்ளிகளையும் அவற்றின் ஆசிரியரையும் நோக்குதல் வேண்டும்.

1894ஆம் ஆண்டில், ஜோர் என்னும் நகரத்துப் பள்ளியிற் கற்பித்த டானியேல் அரனி என்னும் ஆசிரியர் இடைநிலைப் பள்ளி மாணாக்கர்க்கெனக் கணித ஏடொன்றைத் தொடங்கினார். அவர் தலைநகர்ப் பேராசிரியரல்லர். மாகாண நகரமொன்றின் பள்ளி ஆசிரியரே. ஏட்டின் முறை மிக எளியது. ஒவ்வோர் இதழிலும் சில கணக்குகள் வெளியிடப்படும். மாணாக்கர் அவற்றைத் தம் வீட்டிலிருந்து ஆறுதலாக ஆராய்ந்து, விடையைத் தபால் மூலம் அனுப்புவர். பின்வரும் இதழொன்றிற் சிறந்த விடை, அதனை எழுதிய மாணாக்கனின் பெயரோடும் பள்ளியின் பெயரோடும் அச்சேறும். சரியான விடை அனுப்பிய ஏனையோரின் பெயர்களும் அதன்கீழ் இடம்பெறும். ஒரே கணக்குக்கு இருவேறு வழிகள் வந்திருப்பின் இரண்டும் வெளியிடப்படுவதுண்டு.

அதே 1894ஆம் ஆண்டில் ஹங்கேரியின் கணித பௌதிகச் சங்கம் பள்ளிப் படிப்பை முடித்த மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் ஒரு போட்டியை நடத்தத் தொடங்கியது. சங்கத்தின் தலைவரும் பௌதிக அறிஞருமான லொராண்ட் ஓற்வோஷ் கல்வி அமைச்சரானதைச் சிறப்பிக்க எழுந்த இப்போட்டி பின்னர் அவர் பெயராலேயே வழங்கியது. வினாக்கள் மூன்றே, பரிசுகள் இரண்டே. நூல்களையும் குறிப்பேடுகளையும் பார்க்கலாம். ஏனெனில், எந்நூலைப் புரட்டினும் விடை அதில் இராது. முதற்போட்டியின் முதல் வினாவைச் சான்றாகக் காட்டலாம். க, ச என்பன முழுவெண்கள். 2க + 3ச என்பது 17ஆல் மீதியின்றி வகுபடுமாயின் 9க + 5ச என்பதும் அவ்வாறே வகுபடும் என்றும், பின்னது வகுபடின் முன்னதும் வகுபடும் என்றும் நிறுவுக. இதற்கு நீண்ட செய்கை வேண்டுவதில்லை. முன்னதை நான்கால் பெருக்கிப் பின்னதோடு கூட்டினால் 17க + 17ச வரும். அக்கூட்டுத்தொகை எப்போதும் 17ஆல் வகுபடுவதால், ஒன்று வகுபடின் மற்றையதும் வகுபட்டே தீரும். 4க்கும் 17க்கும் பொதுக்காரணி இன்மையால் மறுதலையும் பொருந்தும். ஒன்பதாம் வகுப்பு மாணவனும் விளங்கிக்கொள்ளத்தக்க விடை இது. ஆயினும், அந்நான்கைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாணவன் அடையும் மகிழ்ச்சி நூறு வாய்பாடுகளை ஒப்புவிப்பதாற் கிட்டாது.

1897இல் இப்போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றவர் ஃபேயேர். 1898இல் வென்றவர் வொன் கார்மன்; 1912இல் வென்றவர் செகோ. போட்டியே எல்லாமன்று என்பதும் இவ்வரலாற்றிலேயே உண்டு. கணக்குத் தீர்க்கும் கலையைப் பற்றி உலகறிந்த நூலொன்றைப் பிற்காலத்தில் எழுதிய போல்யா, அப்போட்டிக்கு அமர்ந்தும் விடைத்தாளைக் கையளிக்காது எழுந்து சென்றவராவர்.

அரனி தொடங்கிய ஏட்டை 1896இல் ஏற்று, 1914இல் முதலாம் உலகப் போர் அதனை நிறுத்தும் வரை நடத்தியவர் லஸ்லோ றாற்ஸ். 1863இல் சொப்ரோன் நகரிற் பிறந்த இவர், 1890இல் புடாபெஸ்ற் நகரத்து லூத்தரன் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்தார். 1909 முதல் 1914 வரை அதன் அதிபராகவும் விளங்கினார். பௌதிக ஆசிரியரான சாந்தோர் மிக்கோலா இவருடைய உற்ற துணைவர். சார்பு, வரைபு, நுண்கணிதத்தின் தொடக்கம் என்பன பல்கலைக்கழகத்துக்கே உரியன என்றிருந்த காலத்தில், அவை பள்ளி மாணாக்கரையும் அடைதல் வேண்டும் என்று இவ்விருவரும் உழைத்தனர்.

றாற்ஸ் தம் வகுப்பிலிருந்த யூஜின் விக்னருக்குத் தாம் தெரிந்தெடுத்த கணித நூல்களை வாசிக்கக் கொடுத்தார். ஓராண்டு பின்னே வந்த ஜோன் வொன் நொய்மனின் ஆற்றலைக் கண்டபோது, இம்மாணவனுக்கு வழமையான பாடங்களையே புகட்டுவது பிழை என்று அவர் தந்தையிடம் எடுத்துரைத்துப் பல்கலைக்கழக அறிஞரிடம் தனியே பயில வழிசெய்தார். அவ்வாறு கற்பித்தோருள் ஒருவர், முன்னர் போட்டியில் வென்ற செகோ. தம்மினும் மேம்பட்ட மாணவனைக் கண்டு புழுங்காது, தக்காரிடம் அவனைக் கையளித்தமை றாற்ஸின் பெருமையாகும். நொய்மனின் முதற் கட்டுரை, மிக்கேல் ஃபெக்கெற்றே என்பவரோடு இணைந்து எழுதப்பட்டு, 1922இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. விக்னர் 1963இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அமெரிக்காவில் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் அவருடைய அறைச் சுவரில் றாற்ஸின் படம் தொங்கியது.

எனினும், ஒரு தலைநகர்ப் பள்ளியின் கதையாக இதனைக் கொள்ளலாகாது. ஃபேயேர் பயின்றது தெற்கேயுள்ள பேச் நகரத்தில். அந்நாளில் அவர் பெயர் லிப்போற் வைஸ். அவர் ஏட்டுக்கு அனுப்பிய விடைகளை றாற்ஸ் புடாபெஸ்ற்றிலிருந்த தம் வகுப்பிற் பாராட்டிப் பேசுவது வழக்கமென்பர். ஒரு மாகாண மாணவனின் பெயர், அவனைக் கண்டிராத மாணாக்கரிடையே இவ்வாறு பரவியது. அம்மாணவன் 1911இல் புடாபெஸ்ற் பல்கலைக்கழகப் பேராசிரியரானான். நொய்மனும் ஏர்டோஷும் அவரிடமே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தனர்.

1925இல் அந்தோர் ஃபாரகோ ஏட்டை மீண்டும் தொடங்கினார். சிறந்த விடையாளரின் நிழற்படங்களும் அதில் அச்சிடப்பட்டன. பின்னர் புடாபெஸ்ற்றில் ஒருவரையொருவர் சந்தித்த ஏர்டோஷ், போல் ரூறான், ஜோர்ஜ் செக்கெரெஷ் முதலியோர்க்கு ஏட்டின் பெயர்ப்பட்டியல் முன்பே அறிமுகம் செய்து வைத்திருந்தது. அக்குழுவைச் சேர்ந்த எஸ்தர் கிளைன் என்னும் மாணவி 1933 அளவில் ஒரு வினாவை எழுப்பினார். எம்மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையாத ஐந்து புள்ளிகளை எவ்வாறு இடினும், அவற்றுள் நான்கு உட்குழிவற்ற நாற்பக்கல் ஒன்றை ஆக்கும் என்று அவர் நிறுவிக்காட்டி, பக்கங்கள் மிகும்போது எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று வினவினார். ஏர்டோஷும் செக்கெரெஷும் 1935இல் அதுபற்றி எழுதிய கட்டுரையிலிருந்து ஆய்வுத்துறையொன்று கிளைத்தது. வினா எழுப்பிய கிளைனும் செக்கெரெஷும் 1937இல் மணம் புரிந்தனர்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. 1920இல் ஹங்கேரி இயற்றிய சட்டமொன்று, பல்கலைக்கழக அனுமதியை மக்கட் பிரிவுகளின் விகிதாசாரத்துக்கு உட்படுத்தியது. அதன் இலக்கு யூத மாணாக்கரே. மேலே கூறப்பட்டோருட் பெரும்பாலோர் யூதக் குடும்பத்தினர். கணக்கைத் தீர்த்தவன் எக்குலத்தவன் என்று ஏடு வினவியதில்லை, அரசு வினவிற்று. நொய்மனும் ஏர்டோஷும் பிறநாடு சென்றனர். கிளைனும் செக்கெரெஷும் ஷங்காய்க்குத் தப்பிப் பின்னர் அவுஸ்திரேலியாவிற் குடியேறினர். 1902இல் போட்டியில் வென்றவரும், வரைபுக் கோட்பாட்டின் முதல் நூலை 1936இல் இயற்றியவருமான டேனஷ் கோனிக், யூதர்க்கு நேர்ந்த கொடுமைகளிடையே 1944இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆசிரியர் பல்லாண்டு முயன்று வளர்த்ததை அரசின் ஆணையொன்று சிதறடித்தது. இலங்கையில் இதனை வாசிப்போர்க்கு மேலும் விளக்கம் வேண்டுவதில்லை.

ஆயினும், வித்து அழியவில்லை. 1947இல் ஏடு மீண்டும் உயிர்பெற்றது, இன்றும் வெளிவருகின்றது. அமெரிக்கா சென்ற செகோவும் போல்யாவும் 1946இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் சார்பில் பள்ளி மாணாக்கர்க்கு அவ்வகைப் போட்டியொன்றைத் தொடங்கினர். 1952இல் மூடப்பட்ட றாற்ஸின் பள்ளி 1989இல் மீளத் திறக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? மேதைகளை ஆக்கும் மந்திரம் எவரிடமும் இல்லை. ஆனால், அரனி செய்தவற்றுள் நம்மால் இயலாதது ஒன்றுமில்லை. மாதந்தோறும் நல்ல கணக்குகள் மூன்றைத் தெரிந்து அறிவித்தற்பலகையில் இடுதல். அவற்றை ஆராயப் போதிய அவகாசம் அளித்தல். அனுப்பப்படும் விடையை ஆசிரியர் வாசித்துத் திருத்துதல். அழகிய விடையை மாணாக்கனின் பெயரோடு வெளியிடுதல். அயற்கல்லூரி மாணவனின் விடையையும் நம் வகுப்பிற் பாராட்டுதல். இன்று நம் மாணாக்கர் பள்ளி முடிந்தபின் தனியார் வகுப்புகளுக்கு ஓடி, கடந்தகால வினாத்தாள்களை விரைந்து செய்யப் பழகுகின்றனர். விரைவு பரீட்சைக்கு வேண்டுவதே. ஆயினும், ஒரு கணக்கோடு ஒரு வாரம் தனித்திருந்து போராடிய அனுபவம் இல்லாதவன், பெறுபேறு வந்த நாளோடு கணிதத்தை மறந்துவிடுவான். அந்த ஒரு வாரத்தை அவனுக்கு அளிப்பது நம் கணிதத்துறைகளின் கடமையாகும். அதற்கு வேண்டுவன ஒரு பலகையும், விடைகளைப் பொறுமையோடு வாசிக்கும் ஓர் ஆசிரியருமே.